மருத்துவர் உதவியாளருக்குத் திரைவழி மேற்படிப்பு: ஒரு மதிப்பீடு

வேலை பார்த்துக்கொண்டே பட்ட மேற்படிப்புப் படிப்பது நமக்குப் புதிய செய்தி அன்று. 1966இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலேயே அஞ்சல் வழிப் பாடங்களைத் தொடங்கிவிட்டது. பள்ளி ஆசிரியர்களும் அலுவலக எழுத்தர்களும் தபாலில் வந்த பாடக் கட்டுகளைப் படித்தே முதுகலைப் பட்டம் பெற்றார்கள். அந்தப் பாடக் கட்டின் இடத்தை இன்று கணிப்பொறித் திரையும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. நோயாளியின் கட்டிலருகே பணிபுரியும் ஒருவருக்கும் இந்த வசதி கிடைக்கலாமா என்பதே நாம் இங்கே ஆராயப்போகும் கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழு இதற்குக் 'கூடாது' என்று விடை சொல்லியிருக்கிறது. துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கென 2021இல் நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்துக்குள் வரும் படிப்புகளை 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று குழு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. உளவியல், நுண்ணுயிரியல், உணவூட்டவியல் ஆகியவை நின்றுபோவது பற்றிப் பத்திரிகைகள் எழுதின. அதே சட்டத்தின் அட்டவணையில் 'பிசிஷியன் அசோசியேட்' என்ற பெயரில் இடம்பெற்றிருக்கும் மருத்துவர் உதவியாளரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

தடையின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் கோடு கிழித்த இடம் சரிதானா என்று பார்க்க வேண்டும்.

யார் இந்த உதவியாளர்?

மருத்துவமனைகளில் இவரைச் சுருக்கமாகப் 'பி.ஏ.' என்கிறார்கள். கலைப் பட்டதாரி என்றோ அந்தரங்கச் செயலாளர் என்றோ நோயாளியின் உறவினர் எண்ணிக்கொள்வதும் உண்டு. இவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். நோயாளியிடம் நோய் வரலாறு கேட்பது, உடலைப் பரிசோதிப்பது, சோதனை முடிவுகளைத் தொகுத்து மருத்துவரிடம் வைப்பது, அறுவையில் உடன் நிற்பது, அறுவைக்குப் பின் காயத்தைக் கவனிப்பது, வீட்டுக்கு அனுப்பும்போது சிகிச்சைச் சுருக்கம் எழுதுவது ஆகியவை இவர் பணிகள். இதய மாற்றுவழி அறுவையில் காலிலிருந்து சிரையை எடுத்துக் கொடுப்பவர் பல இடங்களில் இவர்தான். எல்லாமே ஒரு மருத்துவரின் பொறுப்பின் கீழ் நடப்பவை.

இத்தொழில் அமெரிக்காவில் பிறந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி பார்த்து விடுபட்ட 4 பேரைக் கொண்டு 1965இல் முதல் வகுப்பைத் தொடங்கினார். 1967இல் 3 பேர் தேறி வெளிவந்தனர். இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தது சென்னை. 1975இல் நாட்டின் முதல் இதய மாற்றுவழி அறுவையைச் செய்த டாக்டர் கே. எம். செரியன், 1992இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இப்படிப்பைத் தொடங்கினார். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது பி.எஸ்ஸி. பட்டமாக நடக்கிறது. 3 ஆண்டு பாடம், 1 ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி.

பட்டம் பெற்று வேலைக்குப் போனபின் அடுத்த படி என்ன என்பதில்தான் சிக்கல். சிம்மக்கல்லில் குடியிருந்து, நகரத்தின் மருத்துவமனை ஒன்றில் பத்தாண்டுகளாகப் பணிபுரியும் ஓர் உதவியாளரைக் கற்பனை செய்துகொள்வோம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து இரவில் வண்டி வைத்துக்கொண்டு வருகிற நோயாளியை முதலில் தொட்டுப் பார்ப்பவர்களில் அவரும் ஒருவர். கல்லூரியில் கற்பித்தவை பழையதாகிவிட்டன. புதிய மருந்துகள் வந்துவிட்டன. அவர் படித்தால் நோயாளிக்கு நன்மை. ஆனால் முழுநேர மேற்படிப்பு வேண்டுமானால் வேலையை விட வேண்டும். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதற்கு இடம் கொடுக்கமாட்டா.

இரண்டு வேறு படிப்புகள்

தடையை ஆதரிப்போர் கேட்கும் கேள்வி நியாயமானது: "நாடி பிடிக்கவும் தையல் போடவும் திரையில் கற்க முடியுமா?" முடியாது. தையலூசி தோலில் இறங்கும்போது விரலில் தெரியும் அழுத்தம் எந்தக் கம்பி வழியாகவும் வராது. வயிற்றைத் தடவிக் கல்லீரலின் விளிம்பைக் கண்டுகொள்வதும் அப்படியே. ஆகவே ஒருவரை முதன்முதலாக இத்தொழிலுக்குள் கொண்டுவரும் பட்டத்தைத் திரை வழியாகக் கொடுப்பது நோயாளிக்குத் தீங்கு. அதைத் தடுத்தது சரி.

ஆனால் நம் சிம்மக்கல் உதவியாளர் கேட்பது அந்தப் படிப்பை அன்று. அவர் தையல் போடக் கற்றுப் பத்தாண்டுகள் ஆயின. அவருக்கு வேண்டியது ஆய்வுக் கட்டுரையைப் படித்து அதன் வலிமையை எடைபோடும் திறன், புள்ளியியல், மருந்தியலின் புது அறிவு, தம் பிரிவில் நடக்கும் தவறுகளை எண்ணிப் பார்த்துத் திருத்தும் முறை, இளையவர்களுக்குக் கற்பிக்கும் வழி ஆகியவை. இவற்றில் பெரும்பகுதிக்கு விரலின் அழுத்தம் தேவையில்லை. இந்த இரண்டு படிப்புகளையும் ஒரே கோட்டுக்குள் அடைத்ததே தடையின் குறை. பாடத்தின் பெயரைப் பார்த்த குழு, படிக்க வருபவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் தேர்ச்சியைப் பார்க்கவில்லை.

அமெரிக்கா இந்த வேறுபாட்டைப் பார்த்தது. அங்கே தொடக்கத்தில் சான்றிதழோடும் இளநிலைப் பட்டத்தோடும் வேலைக்கு வந்தவர்கள் பலர். பின்னர் முதுநிலைப் பட்டமே நுழைவுத் தகுதி என்ற நிலை வந்தது. பழையவர்கள் என்ன செய்வது? நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்றவை, பணியிலிருப்போர் வேலையை விடாமலே முதுநிலைப் பட்டத்தை முடிக்கத் தொலைநிலை வழியை அமைத்தன. அதில் சேருபவர் நோயாளியைப் பார்க்கும் தகுதியைப் பல்கலைக்கழகத்திடம் பெறப் போகவில்லை. 1973 முதல் நடந்துவரும் தேசியத் தேர்வு அத்தகுதியை ஏற்கெனவே அளந்துவிட்டது. தகுதியை அளப்பது ஒரு கை, பட்டத்தைக் கொடுப்பது இன்னொரு கை. இந்தப் பிரிவினை இருந்ததால்தான் திரைவழிப் பட்டத்தால் அங்கே ஆபத்து நேரவில்லை.

நம் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. என்ற உரிமம் பெற்ற மருத்துவர்கள் இருந்தார்கள். நாட்டுக்கு ஒரே தரமான மருத்துவர் போதும் என்று 1946இல் போர் குழு பரிந்துரைத்தபின் அந்தப் படிப்பு மறைந்தது. பணியிலிருந்த எல்.எம்.பி.க்களைக் கைவிட்டுவிடவில்லை. அவர்கள் கற்றதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, சுருக்கிய எம்.பி.பி.எஸ். வகுப்புகள் நடத்தப்பட்டன.

திரையால் எது முடியும்?

'கைத்தொழிலுக்குத் திரை உதவாது' என்ற கூற்றையும் முழுதாக ஏற்க முடியாது. இதய முணுமுணுப்பை எடுத்துக்கொள்வோம். வால்வு சுருங்கினாலோ ஒழுகினாலோ இரத்தம் சுழன்று ஓடி ஒருவகை ஓசை எழுப்பும். அதை ஸ்டெதாஸ்கோப்பில் பிரித்தறிவது கடினம். பல ஆண்டுகள் பெரியவர்களோடு நின்று கற்க வேண்டிய கலை என்று இதைக் கருதினார்கள். 2004இல் 'செஸ்ட்' என்ற மருத்துவ ஏட்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். மருத்துவ மாணவர்களுக்கு முணுமுணுப்புகளின் பதிவுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் 500 முறை கேட்கச் சொன்னார்கள். விரிவுரை கேட்டவர்களைவிட இவர்கள் ஓசைகளை மிக நன்றாக இனங்கண்டார்கள்.

காரணம் எளிது. காது பழகுவதற்கு ஒரே ஓசை பலமுறை வேண்டும். மருத்துவமனைக் கூடத்தில் அந்த வால்வு நோயாளி மாதத்துக்கு ஒருவர் வரலாம். பதிவில் அவர் 500 முறை வருவார். ஆனால் பருத்த மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை எங்கே வைப்பது, உறவினர் பேச்சுச் சத்தத்துக்கு நடுவே எப்படிக் கேட்பது என்பவற்றைப் பதிவு சொல்லித்தராது. காதுக்கு அது பயிற்சி. கைக்கு நோயாளி வேண்டும். வேலையிலிருக்கும் உதவியாளரிடம் இரண்டும் இருக்கின்றன. இரவில் பதிவைக் கேட்டவர் காலையில் கூடத்துக்குப் போகிறார். முழுநேர மாணவருக்குக்கூட இவ்வளவு நெருக்கமாக இவ்விரண்டும் கிடைப்பதில்லை.

நியூ மெக்சிகோவின் பாடம்

இதைவிட அழுத்தமான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் நோய்க்குச் சிகிச்சை தரத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். கிராமத்து நோயாளிகள் நெடுந்தூரம் போய் மாதக் கணக்கில் காத்திருந்தார்கள். அங்கே பணிபுரிந்த இந்திய வம்சாவளி மருத்துவர் சஞ்சீவ் அரோரா, 2003இல் 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கிராம மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவர் உதவியாளர்கள் முதலியோர் வாரந்தோறும் காணொளியில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தம் நோயாளியின் நிலையை எடுத்துச் சொல்வார். வல்லுநரும் மற்றவர்களும் கேள்வி கேட்பார்கள். அடுத்த வாரம் 'சொன்னதைச் செய்தீர்களா, என்ன ஆயிற்று?' என்று தொடர்வார்கள்.

முடிவுகள் 2011இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் வந்தன. 407 நோயாளிகள். பல்கலைக்கழக வல்லுநரிடம் சிகிச்சை பெற்றோரில் 57.5 விழுக்காட்டினருக்கு வைரஸ் நீங்கியது. திரை வழியாகக் கற்றவர்களிடம் சிகிச்சை பெற்றோரில் 58.2 விழுக்காட்டினருக்கு நீங்கியது. இரண்டுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. கடுமையான பக்க விளைவுகள் கிராமத்துப் பிரிவில் கூடவில்லை, குறைவாகவே இருந்தன.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது அதன் அளவுகோல். மாணவர் எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்று அவர்கள் கேட்கவில்லை. நோயாளிக்கு நோய் தீர்ந்ததா என்று கேட்டார்கள். பணியிலிருப்போர் படிப்பை அளக்க இதைவிட நேர்மையான கோல் இல்லை.

நம் ஊருக்கும் இது அந்நியமன்று. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் தேனி வட்டாரத்தில் சிற்றூர்ப் பார்வை மையங்களை அமைத்தது. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தொலைவிலுள்ள மருத்துவர் திரை வழியாக நோயாளியோடும் பணியாளரோடும் பேசி முடிவு சொல்வார். சிகிச்சைக்கு அந்தக் கம்பி உதவுகிறது. அதே கம்பி கற்பிப்பதற்கும் உதவும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2006 முதல் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்குக் குடும்ப மருத்துவத்தைத் தொலைநிலையில் கற்பித்துவருகிறது. அங்கே பாட நூல் வீட்டுக்கு வரும். ஆனால் மாணவர் குறிப்பிட்ட நாட்களில் மருத்துவமனைக்கு நேரில் வர வேண்டும்.

விற்பனைக்கு வரும் படிப்புகள்

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தடை வானத்திலிருந்து விழவில்லை. மருத்துவத்தைச் சார்ந்த பெயர்களைத் தாங்கித் திரை வழியில் விற்கப்பட்ட படிப்புகள் பலவற்றில் ஒரே குறை. நிழற்பட வில்லைகளை வரிசையாக ஏற்றிவிட்டு ஒரு குரல் அவற்றை வாசிக்கும். மாதக் கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. மாணவர் எங்கே வேலை பார்க்கிறார், அவருக்கு மேலே யார் இருக்கிறார், நேற்று எந்த நோயாளியைப் பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. 'வேலைக்கு இடையூறில்லாமல் படிக்கலாம்' என்பதே அவர்களின் விளம்பரம்.

இந்த விளம்பர வாசகத்திலேயே பிழை இருக்கிறது. வேலைக்கும் படிப்புக்கும் தொடர்பே இல்லை என்றால் இடையூறு இல்லைதான்! பணியிலிருப்பவரின் படிப்புக்கு அவர் வேலையே ஆய்வுக்கூடம். தம் பிரிவில் அறுவைக் காயம் எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்று ஆறு மாதம் எண்ணிப் பார்த்து, காரணம் தேடி, ஒன்றை மாற்றி, மறுபடி எண்ணிப் பார்க்கும் ஒரு திட்டம் நூறு வில்லைகளுக்குச் சமம். அதைக் கேட்காத படிப்பு பெயர்ப் பலகைக்கு இரண்டு எழுத்தைச் சேர்க்குமேயொழிய நோயாளிக்கு ஒன்றும் சேர்க்காது.

நம் நோய், நம் மொழி

வெளிநாட்டுத் திரைவழிப் பட்டம் இருக்கிறதே என்பார் உண்டு. அவற்றின் பாடத்தரம் உயர்வாக இருக்கலாம். ஆனால் வயலில் பாம்பு கடித்து வந்தவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைந்ததா என்று பார்க்கும் எளிய சோதனையை அவை கற்பிக்குமா? காய்ச்சலோடு வருபவரின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கருகிய சிறு புண்ணைத் தேடிப் பார்த்து ஸ்கரப் டைஃபஸ் நோயைச் சந்தேகிக்கச் சொல்லுமா? பூச்சிமருந்து குடித்தவரின் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குவதைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கும்? மதுரைச் சமவெளியின் இரவுப் பணி இவற்றால் நிறைந்தது.

மொழியும் அப்படியே. நம் உதவியாளர்களில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் பலர். நோயாளி சொல்லும் வரலாறு முழுதும் தமிழ். "நெஞ்சு கரிக்குது", "வாயு பிடிச்சிருக்கு", "மேமூச்சு வாங்குது" என்பார். இதயத்தின் கீழ்ச்சுவரில் இரத்தம் தடைப்பட்டால் வலி மேல்வயிற்றில் தெரிவது உண்டு. அதை வாயு என்று எண்ணி இஞ்சிச் சாறு குடித்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். 'வாயு' என்ற சொல்லைக் கேட்டவுடன் இ.சி.ஜி. எடுக்கத் தோன்ற வேண்டும். இந்தப் பாடத்தை நாம்தான் எழுத முடியும். ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் படிப்பு, நோயாளியின் வாய்ச்சொல்லுக்கும் நோயின் பெயருக்கும் இடையிலுள்ள பாதையை மாணவரே தடவிக் கண்டுகொள்ள விட்டுவிடுகிறது.

மருத்துவர்களின் அச்சம்

மேற்பட்டம் பெற்ற உதவியாளர் தம்மை மருத்துவராகக் காட்டிக்கொள்வாரோ என்று சில மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் இதே பிரச்சினை பெரிதாக வெடித்தது. அங்கே அரசு கேட்டுக்கொண்டபடி பேராசிரியர் கில்லியன் லெங் ஆராய்ந்து 2025 ஜூலையில் அறிக்கை கொடுத்தார். 'அசோசியேட்' என்ற பெயர் நோயாளியைக் குழப்புகிறது, பழையபடி 'அசிஸ்டென்ட்' என்றே மாற்றுங்கள் என்றார். நோய் இன்னதென்று யாரும் கணிக்காத நிலையில் வரும் நோயாளியை இவர்கள் தனியே பார்க்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தார். நம் சட்டம் 'அசோசியேட்' என்ற பெயரையே எடுத்துக்கொண்டிருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்த அச்சத்துக்கு மருந்து படிப்பை மறுப்பதன்று. யார் எதைச் செய்யலாம் என்ற எல்லையைப் பதிவேட்டிலும் மருத்துவமனை விதியிலும் தெளிவாக எழுதிவைப்பதே மருந்து. தம் அறிவின் எல்லை எது என்று உணர்ந்தவர்தான் சரியான நேரத்தில் மருத்துவரை எழுப்புவார். அந்த உணர்வைத் தருவதும் படிப்பே.

தடையால் நேர்வது

கதவு முழுதும் மூடியதால் என்ன நடக்கும்? மேலாண்மைப் பட்டங்களுக்குத் தடையில்லை. வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. படிக்கலாம். ஆகவே முன்னேற விரும்பும் உதவியாளர் அதைப் படிப்பார். பின்பு கட்டிலருகே நிற்பதை விட்டுக் கணக்கு மேசைக்குப் போவார். பத்தாண்டு பழகிய கையை நோயாளி இழப்பார். கூடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்து முதலிலிருந்து தொடங்குவார். நோயாளியைக் காக்கப் போட்ட விதி நோயாளியிடமிருந்தே தேர்ந்தவரைப் பிரிக்கிறது.

என்ன செய்யலாம்?

தடையை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. முதற் பட்டத்துக்கு அது நிற்கட்டும். பதிவு பெற்றுப் பணியிலிருப்போரின் மேற்படிப்புக்கு மட்டும், கீழ்க்கண்ட நிபந்தனைகளோடு கதவைத் திறக்கலாம்.

முதலாவது, சேருபவர் உள்ளிருப்புப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் நோயாளிகளோடு பணிபுரிந்தவராக இருக்க வேண்டும். இரண்டாவது, அவர் பணிபுரியும் இடத்தில் ஒரு மருத்துவர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். மாணவர் பார்த்த நோயாளிகளின் குறிப்பேட்டைப் பெயரின்றி அவர் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, வாரந்தோறும் நோயாளியை முன்வைத்து நடக்கும் காணொளிக் கூட்டம் கட்டாயம். நான்காவது, நேர்முக வகுப்பும் கைத்திறன் தேர்வும் மாணவரின் ஊருக்கு அருகிலேயே நடக்க வேண்டும். ஐந்தாவது, பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகமே தகுதியையும் அளக்கக் கூடாது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தகுதித் தேர்வுக்கு இடம் வைத்திருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. மதுரையையே பார்க்கலாம். வைகையின் தென்கரையில் சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் அரசு இராசாசி மருத்துவமனையும் 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும். படிக்க ஓர் இடம், பரிசோதிக்க ஓர் இடம், கற்பிக்கத் தெரிந்தவர்கள், இரவெல்லாம் வந்துகொண்டிருக்கும் நோயாளிகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றை இணைக்கும் பாடத்திட்டமும் அதற்கான அனுமதியுமே இல்லை.

2025 ஏப்ரலில் தேசிய ஆணையம் பத்துத் தொழில்களுக்குப் புதிய பாடத்திட்டங்களை வெளியிட்டது. மருத்துவர் உதவியாளர் தொழிலும் அவற்றுள் ஒன்று. பாடம் என்ன என்று தீர்மானித்தவர்கள், அதைப் பணியிலிருப்பவர் எப்படிப் படிப்பது என்பதையும் தீர்மானிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆணையமும் மானியக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து இதைப் பேசலாம். அந்தப் பேச்சுக்கு மருத்துவர்களோடு, இரவுப் பணி பார்க்கும் உதவியாளர் இருவரையும் அழைத்தால் நல்லது.